சக்கை தின்ற கிடாக்குட்டி

மராத்தி பேசுகிற சாகண் ஊருக்கு வெளியே என் மகன் வாங்கிய நிலத்தில், தகரக் கொட்டகையில் பதினோரு செம்மறிக் குட்டிகள் இருந்தன. அதில் ஐந்து கிடா. மகன் கார்க் கம்பெனியில் ஷிஃப்ட் வேலைக்குப் போவான். குட்டிகளோடு நான்தான் இருப்பேன்.

பெட்ரோலில் கலக்கிற எத்தனாலை மக்காச்சோளத்திலிருந்து எடுத்தபிறகு மிஞ்சும் சக்கையைக் காயவைத்துத் தீவனமாக விற்கிறார்கள். மஞ்சளாக, லேசான புளித்த வாடையோடு இருக்கும். புண்ணாக்குக்குப் பதிலாக அதைப் போட்ட இரண்டாம் மாதமே குட்டிகளுக்கு முதுகு நிறைந்துவிட்டது. மகனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கை போட வேண்டிய இடத்தில் இரண்டு கை போட்டான்.

ஒரு சாயங்காலம் கறுப்புக் கிடா தனியாக நின்றது. பின்னங்காலை அகட்டி, முதுகை வளைத்து முக்கியது. ஒரு சொட்டும் விழவில்லை. மூத்திரம் அடைத்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மகனோ கூட வேலை செய்கிற இரண்டு பேருக்குக் குட்டிகளைக் காட்டிக்கொண்டிருந்தான். ஆம்பளைகள் நடுவில் போய் அதை எப்படிச் சொல்வது? அவர்கள் போகட்டும் என்று இருந்தேன். அவர்களோடு அவனும் ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டான். போனில் சொல்லவும் கூச்சமாக இருந்தது. தானாகச் சரியாகிவிடும் என்று படுத்துவிட்டேன்.

காலையில் அது பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது. தொட்டால் கத்தியது. வேலை முடிந்து வந்த மகன் பதறிப்போய் ஆட்டு டாக்டரைக் கூப்பிட்டான்.

"வயித்துல கேஸ்தாம்மா. நேத்து நாந்தான் கூடப் போட்டுட்டேன்."

"இல்லப்பா..." என்று இழுத்தேன். அவன் எண்ணெய் பாட்டிலைத் தேடிப் போய்விட்டான்.

டாக்டர் வந்து இடது விலாவைத் தட்டிப் பார்த்தார். முகத்தில் சந்தேகம்.

"பேஷாப்?" என்று மூத்திரம் போகிறதா எனக் கேட்டார்.

"ஹோ ரஹா ஹை சார், ஹோ ரஹா ஹை," என்றான் என் மகன். போகிறது என்று பார்க்காமலே சொன்னான்.

அவர் பையிலிருந்து வாயு மருந்தை எடுத்தார். ஊற்றிவிட்டுப் போய்விடுவார். குட்டி போய்விடும். வாயைப் பொத்தியிருந்த முந்தானையை எடுத்தேன்.

"பேஷாப் நஹி," என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"க்யா ஆஜி?" என்ன பாட்டி என்று டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"பேஷாப் நஹி! கல் ஸே நஹி!"

நேற்றிலிருந்தே இல்லை என்று நான் போட்ட சத்தம் ரோட்டுக்குக் கேட்டிருக்கும். மகன் சொல்வதா, ஆஜி சொல்வதா, குட்டியைத்தான் கேட்க வேண்டும் என்று டாக்டர் இந்தியில் சிரித்தார். ஆனால் மருந்தைக் கீழே வைத்துவிட்டார்.

குட்டியைப் பிட்டத்தில் உட்காரவைத்து என் மடியில் சாய்த்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இங்க பாத்துப் பிடிம்மா, நழுவுது!"

பார்த்தேன். குறி நுனியில் நூல் மாதிரித் தொங்குகிற இடத்தில் மணல் போல ஒரு கல். டாக்டர் அந்த நுனியை நறுக்கினார். ஒன்றும் வரவில்லை. அடிவயிற்றை மெல்ல நீவினார். சிவப்பாக ஒரு சொட்டு விழுந்தது. பிறகு பீய்ச்சிக்கொண்டு வந்து என் சேலையெல்லாம் நனைந்தது.

சக்கையில் ஒரு சத்து அதிகமாம். கிடாவுக்கு அது கல்லாகிவிடுமாம். அளவைக் குறைத்து, சுண்ணாம்புச் சத்துத் தூளும், தண்ணீர் நிறையக் குடிக்க உப்பும் சேர்க்கச் சொன்னார். மற்ற நான்கு கிடாக்களும் மூத்திரம் பெய்கின்றனவா என்று சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். மகன் வேண்டாம், ஆஜிதான் சொல்ல வேண்டும் என்றார்.

அவர் போனதும் மகன் கேட்டான்.

"நேத்தே பாத்தியாம்மா?"

"பாத்தேன்."

"ஒரு போன் போட்டிருக்கலாம்ல?"

"வாய் வரலப்பா."

அவன் தொட்டியில் கிடந்த சக்கையை அள்ள ஆரம்பித்தான்.

நாலு மணிக்குள் மூன்று கிடா பெய்துவிட்டன. வெள்ளைக் கிடா பெய்யவில்லை. நின்றது, வாலை ஆட்டியது, அவ்வளவுதான். மகனை டாக்டருக்குப் போன் போடச் சொன்னேன். போனை நானே வாங்கினேன்.

"தீன் ஹோ கயா. ஏக் நஹி. ஆவோ சாப்."

மூன்று பெய்தது, ஒன்று இல்லை, வாங்க என்று சொன்னதும், வந்துகொண்டிருக்கிறேன் என்றார். நான் வெள்ளைக் கிடாவின் பக்கத்தில் குனிந்து, அதன் காலடி மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். மண் காய்ந்தே கிடந்தது.