ஓ.டி. இல்லாத வீடு

பொறாமை என்றால் என்னவென்று எனக்குக் கற்றுக்கொடுத்தது என் கொழுந்தனின் சம்பளச் சீட்டு.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரே வீட்டில் இரண்டு குடும்பமாக இருந்தோம். முன்கட்டில் நானும் என் வீட்டுக்காரரும். பின்கட்டில் அவருடைய தம்பியும் தம்பி பெண்டாட்டியும். அடுப்பு இரண்டு, பூஜை அலமாரி ஒன்று. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரே கம்பெனியில் வேலை. இவர் சூப்பர்வைசர், அதாவது ஸ்டாஃப். தம்பி மெஷினில் நிற்கிற ஒர்க்கர். ஸ்டாஃப் மாப்பிள்ளை என்று சொல்லித்தான் என்னை இவருக்குக் கட்டிவைத்தார்கள். எங்கள் அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. நேரத்துக்கு மேல் வேலை செய்தால் ஒர்க்கருக்கு ஓ.டி. உண்டு, அந்த மணிகளுக்கு இரட்டைச் சம்பளம். ஸ்டாஃபுக்குக் கிடையாது. எத்தனை மணி வரை நின்றாலும் அதே மாதச் சம்பளம்தான். கேட்டால், நீ மேனேஜ்மெண்ட் ஆள், உனக்கு எதற்கு ஓ.டி. என்பார்களாம். இவர் அதைப் பெருமையாக வேறு வந்து சொல்வார். அந்த மேனேஜ்மெண்ட் ஆள் வீட்டுக்கு மாதக் கடைசியில் சர்க்கரை வந்தது பின்கட்டிலிருந்துதான்.

ஒரு வருஷம் வைகாசி கருட சேவைக்கு ஊரே சின்ன காஞ்சிபுரம் போய்க்கொண்டிருந்தது. அவசரமாக லோடு போகவேண்டும் என்று லீவு நாளில் இவர்கள் இரண்டு பேரையும் கம்பெனியில் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். இவர் கையில் ஒரு தக்காளி சாதப் பொட்டலம், அவன் கையிலும் அதே பொட்டலம். ஆனால் அவனுக்கு அந்த நாள் சம்பளச் சீட்டில் தனி வரியாக ஏறி வந்தது. சம்பளக் கவரைக் காமாட்சி படத்துக்கு முன்னால் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். விளக்கேற்றப் போனவள் அவன் கவரைப் பிரித்துப் படித்தேன். தம்பியின் மொத்தம் அண்ணனின் மொத்தத்தைத் தாண்டியிருந்தது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

அதற்குப் பிறகு ஊரில் யார் யாருக்கு ஓ.டி. உண்டு என்று விசாரிப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் பேங்க் கிளார்க், அவருக்கு உண்டாம். ஆபீசர் ஆகிவிட்டால் கிடையாதாம். பட்டு ஜவுளிக்கடையில் முகூர்த்த மாதம் முழுக்க நின்றபடியே புடவை விரித்துக் காட்டுகிறவருக்கு ஒரு டீயும் பன்னும். மூன்றாம் வீட்டு டீச்சர் பரீட்சைப் பேப்பரைக் கட்டுக்கட்டாக வீட்டுக்குத் தூக்கிவந்து திருத்துகிறாள், அதற்கு ஒன்றும் இல்லை. மாதச் சம்பளம் என்ற பெயரை வைத்துக்கொண்டு இத்தனை பேர் ஏமாந்துகொண்டிருக்கிறார்களே என்று எனக்கு ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். எங்கே? அவர்கள் யாரும் என் பின்கட்டில் குடியிருக்கவில்லையே.

என் ஓரகத்தி முதலில் ஃபிரிட்ஜ் வாங்கினாள். அடுத்து திருப்புட்குழியில் ஒரு மனைக்குத் தவணை கட்ட ஆரம்பித்தார்கள். தவணை முழுக்க ஓ.டி. பணம். இன்னும் ஒன்றரை வருஷம் கட்டினால் மனை அவர்கள் பெயருக்கு வந்துவிடும். அவள் கெட்டவளாக இருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். மனையைப் பார்த்துவிட்டு வந்த அன்று, அங்கே வீடு கட்டும்போது உங்களுக்கும் ஒரு ரூம் போட்டுவிடலாம் அக்கா என்றாள். யாருக்கு வேண்டும் உன் ரூம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே சிரித்துவைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கொழுந்தனுக்கு சூப்பர்வைசர் வேலை வந்தது. சம்பளம் கொஞ்சம் ஏறும், ஓ.டி. அடியோடு போகும். பிடிக்காவிட்டால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துவிட்டுப் பழைய வேலைக்கே திரும்பலாம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அண்ணனைக் கேட்டிருக்கிறான். இவர் சந்தோஷம் தாங்காமல், இனிமேல் இரண்டு பேரும் ஸ்டாஃப் கேன்டீனில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்தான்.

“அண்ணி, ஸ்டாஃப் சம்பளத்துல வூட்ட ஓட்டறது நீங்கதான். அண்ணன் பெருமைக்குப் பேசும். நீங்க சொல்லுங்க, கட்டுப்படி ஆவுதா?”

நான் பொய் சொல்லமாட்டேன் என்று நம்பித்தான் கேட்டான். மளிகைக் கடை பாக்கி, அடகுக்கடைக்குப் போய்ப் போய் வந்த என் கம்மல், எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. கூடவே அந்த மனையும் கண்முன்னால் வந்து நின்றது.

“தாராளமா ஆவுது தம்பி. மரியாதைன்னு ஒண்ணு இருக்குதில்ல? கையெழுத்து போட்டுடு” என்றேன்.

போட்டான். முதல் இரண்டு மாதம் எனக்கு இனித்தது, அதை மறைப்பானேன். அவனும் இவரைப் போலவே பொழுது சாய்ந்து வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்து இறங்கினான். என் ஓரகத்தி தவணைக்காகக் கடையிலிருந்து பட்டுப்புடவைகளை வாங்கிவந்து முந்தானைக்குக் குச்சு கட்ட உட்கார்ந்தாள். ஒரு புடவைக்கு எத்தனை முடிச்சு, எவ்வளவு கூலி என்றெல்லாம் அவள் வாயைக் கிண்டிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஐந்தாவது மாதம் ஒரு நாள், குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவளின் காது கண்ணில் பட்டது. கம்மல் இல்லை. ஓட்டை தூர்ந்துவிடாமல் துடைப்பக்குச்சியைச் செருகியிருந்தாள். கம்மல் எங்கே என்றதற்கு, கழற்றி வைத்திருக்கிறேன் அக்கா என்றாள். எங்கே வைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியாதா? நாம் மனுஷிதானா என்று இருந்தது. கெடு முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. கொழுந்தன் வேலையிலிருந்து வந்ததும் பின்கட்டுக்குப் போய் நின்றேன். அவளும் அங்கேதான் இருந்தாள்.

“எழுதிக் குடுத்துட்டு பழைய வேலைக்கே போயிடு தம்பி. எங்களுக்கு ஒரு நாளும் கட்டுப்படி ஆனதில்ல. அன்னிக்கு பொய் சொன்னேன். உங்க மனை மேல எனக்கு வயித்தெரிச்சல்.”

அவன் சிரித்தான்.

“நீங்களா அண்ணி? நான் வெக்கப்படாம திரும்பிப் போவணும்னு பழிய உங்க மேல போட்டுக்கினு பேசறீங்க.”

இப்படி ஒரு அண்ணி யாருக்குக் கிடைப்பாள் என்று பெண்டாட்டியிடம் வேறு சொன்னான். உன் அண்ணனையே கேள் என்று இவரைக் கூப்பிட்டேன். இவர் என்னை முறைத்துவிட்டு, நமக்கு என்ன குறைச்சல், நன்றாகத்தானே ஓடுகிறது என்றார். காமாட்சி மேல் சத்தியம் பண்ணினேன். அதற்கும் சிரித்தான். அண்ணி இவ்வளவு பாசம் வைத்திருக்கும்போது பின்வாங்கினால் நான் ஆம்பிளை இல்லை, ஸ்டாஃபாகவே நின்று காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போய்விட்டான்.

கெடு தாண்டிப்போனது. அடுத்த நாலு மாதத்தில் தவணை கட்ட முடியாமல் மனையும் போனது. கட்டிய பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை. கொழுந்தன் பண்டிகைக்குப் பண்டிகை முதல் இனிப்பை என் கையில்தான் கொடுத்தான். நான் சொன்னதை அந்த வீட்டில் ஒரே ஒருத்தி நம்பியிருக்கிறாள் என்பது மனை கைவிட்டுப் போன மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. குச்சு கட்டி முடித்த புடவையை மடித்துக்கொண்டிருந்த என் ஓரகத்தி, என் பக்கம் திரும்பாமலே மெதுவாகக் கேட்டாள்.

“இப்போ நிம்மதியாக்கா?”