ஸ்பெயினின் தொங்கும் வீடுகளும் என் றிச் கேக்கும்

போன வருடம் பனி கரைந்து வெயில் எட்டிப் பார்த்த நாட்களில், டொரொன்டோவின் ரூஜ் பகுதியிலுள்ள எங்கள் வீட்டுக் குசினியில் தொடங்கிய கதை இது. நான் வீட்டிலிருந்தபடி கேக் செய்து கொடுக்கிறவள். பெண்பிள்ளை பெரியவளானால் வைக்கும் சாமத்தியவீடு, கல்யாணம், அறுபதாவது பிறந்தநாள் என்று இந்தப் பக்கத்து மண்டபங்கள் பலவற்றில் என் கேக் நின்றிருக்கிறது. பெருமை அடிக்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நன்றாகச் செய்கிறவள் கொஞ்சம் அடிக்கலாம்.

என் மகளோடு படிக்கும் பிள்ளையின் தாய் ஒரு ஸ்பானியப் பெண். அவருடைய தகப்பனுக்கு எண்பது வயது நிறைவடைய இருந்தது. தகப்பன் பிறந்த ஊர் குவென்கா என்று சொல்லி போனில் படம் காட்டினார். அம்மாடி! இரண்டு ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்கு நடுவே ஒரு பாறை மலை, அதன்மேல் பல நூற்றாண்டுப் பழைய ஊர். மலை விளிம்பில் இருக்கும் வீடுகளின் மரப் பல்கனிகள், கீழே ஒரு தாங்கலும் இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. தொங்கும் வீடுகள் என்றே பெயராம். உலகப் பாரம்பரியச் சொத்து என்று அந்த ஊரைப் பாதுகாக்கிறார்கள். பெரியவருக்கு இருதய வருத்தம். இனி விமானம் ஏற வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். இங்கே பிறந்த பேரப்பிள்ளைகளோ அந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை. பிறந்தநாளுக்கு அந்த ஊரைக் கேக்காகச் செய்து தர முடியுமா என்று அந்தப் பெண் கேட்டார். நான் ஒரு நொடிகூட யோசிக்காமல் தலையாட்டினேன்.

எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும், மேடையில் நிற்கும் பெரிய கேக் பெரும்பாலும் றெஜிபோம்தான். பெட்டிக்குள் சாமான் உடையாமல் வைத்து அனுப்புவார்களே, அந்த வெள்ளைக் கட்டி. அதன்மேல் ஐசிங் போடுவோம். வெட்டுவதற்கு ஒரு மூலையில் மட்டும் உண்மையான கேக் இருக்கும். வந்தவர்களுக்குக் கொடுக்கும் துண்டுகள் வேறாகச் சுற்றி வரும். யாரும் குறை நினைப்பதில்லை. நானும் அப்படியே குவென்காவை றெஜிபோமில் செதுக்கி, பூசி, வர்ணம் தீட்டி முடித்தேன். சனிக்கிழமை கொண்டாட்டம். வியாழன் காலை அந்தப் பெண்ணை வந்து பார்க்கச் சொன்னேன்.

வந்தவர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கண் கலங்கிவிட்டது. பிறகு சந்தோஷமாகச் சொன்னார்: ஒவ்வொரு பேரப்பிள்ளையும் ஒரு வீட்டை வெட்ட வேண்டும், அந்தப் பக்கத்துக் கதையைத் தகப்பன் சொல்லச் சொல்ல அதைச் சாப்பிட வேண்டும், இதுதான் அவருடைய ஆசை. உள்ளே என்ன இருக்கிறது என்று உண்மையைச் சொன்னேன். முகம் சுருங்கிப்போயிற்று. ஆனாலும் மரியாதையாக, பரவாயில்லை, பார்வைக்கு வைப்போம் என்றார். அந்தப் ‘பரவாயில்லை’ என்னைச் சுட்டுவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் நீங்கள் முழு ஊரையும் சாப்பிடுவீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பின்னேர ஷிப்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த என் கணவர் இதைக் கேட்டுத் திகைத்துப்போனார்.

“உமக்கென்ன விசரே? ரெண்டு நாளிலை மலை கட்டப் போறீரோ?”

“ஓம், கட்டத்தான் போறன். நிண்டு புதினம் பாக்காமல் உந்த மேசையைத் துடைச்சுத் தாங்கோ.”

ஒரு கல்யாணத்துக்காகச் செய்து ஊறவிட்டிருந்த றிச் கேக் பலகை பலகையாக இருந்தது. ரவையும் கஜுவும் பேரீச்சம்பழமும் சேர்ந்து இறுகிய கேக். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்ததால் மறுபடி செய்துகொள்ளலாம் என்று எடுத்துவிட்டேன். கத்தி வைத்தால் கல் மாதிரி நேராக வெட்டுப்பட்டது. பாறை எழும்பியது, தேவாலயம் எழும்பியது, ஒழுங்கைகள் வந்தன. வெள்ளிக்கிழமை பல்கனியில்தான் மாட்டிக்கொண்டேன். ஒட்டினேன், விழுந்தது. மறுபடி ஒட்டினேன், வீட்டுச் சுவரையும் பிய்த்துக்கொண்டு விழுந்தது.

பள்ளிக்கூடத்தால் வந்த மகள் எட்டிப் பார்த்தாள்.

“அம்மா, பல்கனிய மட்டும் றெஜிபோமில வையுங்கோ. ஹூ கெயர்ஸ்?”

“அப்ப நான் ஏன் உந்தப் பாடு படுறன்?” என்று கத்திவிட்டேன். பாவம், பிள்ளை ஓடிவிட்டாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பல்கனிக்குக் கீழே தடித்த உத்தரங்களின் நுனிகள் தெரிந்தன. அப்போதுதான் மண்டையில் ஏறியது. அந்த மரங்கள் சுவரோடு முடிந்திருக்க முடியாது. வீட்டுக்குள்ளே நீளமாகப் போயிருக்க வேண்டும். வீட்டின் பாரம் முழுவதும் அவற்றை அமத்திப் பிடிப்பதால்தான் பல்கனி விழாமல் நிற்கிறது. நானோ வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டிருந்தேன்! வீட்டைப் பிரித்தேன். எங்கள் ஊர்க் கறுவாப்பட்டைகளில் நீளமானவற்றை எடுத்துப் பின்சுவரிலிருந்து முன்னே நீட்டி வைத்தேன். அதன்மேல் வீட்டைக் கட்டினேன். நீட்டிய நுனிகளில் பல்கனியை ஏற்றினேன். அசையவில்லை! இரவு வேலையால் வந்த கணவர் ஒரு கரண்டியை மெதுவாக அதன்மேல் வைத்துப் பார்த்தார். அப்போதும் அசையவில்லை.

“சரி சரி, விசர் எண்டதை வாபஸ் வாங்கிறன்” என்றார்.

சனிக்கிழமை றிச்மண்ட் ஹில்லிலிருந்த பெரியவர் வீட்டுக்கு, குழந்தையைக் கொண்டுபோவதுபோல் கொண்டுபோய் இறக்கினோம். பெரியவர் கைத்தடியோடு வந்தார். சிரிக்கவில்லை. மேசையை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து பல்கனிக்குக் கீழே பார்த்தார். பிறகு, ஐயோ, விரலால் அதை அமத்தினார். இன்னும் பலமாக அமத்தினார். குவென்கா அசையவில்லை. மனிதர் வீடு அதிரச் சிரித்தார். பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு உத்தரங்களைக் காட்டி ஏதோ சொன்னார். அவருடைய மகள் எனக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்: “வாற எல்லாரும் பல்கனியத்தான் பாக்கிறவை, இவ மரத்தைப் பாத்திருக்கிறா எண்டு சொல்றார்.” அப்படித்தான் எனக்கு விளங்கியது. விருது வாங்கியவள்போல் நிமிர்ந்து நின்றேன்.

பிறகு வெட்டத் தொடங்கினார்கள். ஒரு வீடு, ஒரு கதை, ஒரு வாய் கேக். பிள்ளைகள் வாய் நிறைய வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டில் யார் இருந்தது, அதற்கடுத்த வீட்டில் யார் என்று அவரை விடாமல் கேட்டார்கள். பெரியவர் தேவாலயத்தை மட்டும் தனக்கென்று ஒதுக்கி, என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தி, பாதியை எனக்கு ஊட்டிவிட்டார். நான் அழுதுவிட்டேன்.

என் போன் முழுவதும் நான் செய்த கேக்குகளின் படங்கள்தான். அன்றைக்கோ ஒரு படம்கூட எடுக்கவில்லை. ஆனாலும் நான் செய்ததிலேயே எது திறம் என்று யாராவது கேட்டால், ஒரு துண்டும் மிஞ்சாமல் ஒரு முழு ஊர் அந்தப் பிள்ளைகளுக்குள் போய்ச் சேர்ந்த அந்த மத்தியானத்தைத்தான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன்.