வாய்க்கு ருசியான தண்ணீர்

ஓடைப்பட்டியில் சுருளியாண்டியைத் திட்டாத வாய் கிடையாது. நானும் திட்டியிருக்கிறேன், மறைப்பானேன்? 1986-இல் சோதனைக்காக ஊருக்கு வந்த தண்ணீர் மிஷினுக்கு அவர்தான் ஆபரேட்டர். திராட்சைத் தோட்டங்களில் நாங்கள் மூட்டை மூட்டையாகக் கொட்டிய யூரியா, கிணறுகளில் நைட்ரேட் உப்பாக இறங்கியிருந்தது. மெல்லிய சவ்வுகளை அடுக்கி, நடுவே தண்ணீரை ஓடவிட்டு, இரு பக்கமும் கரண்ட் கொடுத்தால் அந்த உப்பு, ருசி தரும் மற்ற உப்புகளோடு சேர்ந்து பிரிந்து கழிவுக் குழாயில் போய்விடும். மிச்சம்தான் குடிதண்ணீர். சப்பென்று இருக்கும்.

"என்னய்யா, வெந்நி ஆறுன மாதிரி இருக்கு!" என்போம்.

"ருசியா இருந்த தண்ணிதான்யா எம் பிள்ளையக் கொன்னுச்சு" என்பார். குடத்தைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுவோம்.

மிஷின் வருவதற்கு முன்பே, அவர் மகள் பிறந்து நாற்பதாம் நாள், உதடும் நகமும் நீலம் பாய்ந்து செத்துப்போனாள். தாய்ப்பால் இல்லை, புட்டிப்பால். பெரியவர்கள் உடம்பு தாங்கும் அந்த நைட்ரேட்டைப் பச்சைப்பிள்ளை ரத்தம் தாங்காது. "நம்ம கிணத்துத் தண்ணி தேனு மாதிரி, இதுலயே கரைச்சுக் குடு" என்று மனைவியிடம் சொன்னவர் அவரே. தோட்டத்துக்கு யூரியா போட்டவரும் அவரே. பாவி மனிதன், அதற்குப் பிறகு சிரித்து நான் பார்த்ததில்லை.

சவ்வில் உப்புப் படியாமலிருக்க, மணிக்கொரு தரம் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிப் போடவேண்டும். போட்டதும் நல்ல தண்ணீரும் கழிவும் குழாய் மாறிவிடும். உடனே இரண்டு வால்வுகளையும் திருப்பவேண்டும். ஆடி மாதம் ஒரு காலை, கரண்ட் போய்ப் போய் வந்த எரிச்சலில், பிளஸ்-மைனஸ் கைப்பிடியை மாற்றியவர் வால்வை மறந்துவிட்டார்.

குழாயடியிலிருந்து பஞ்சம்மாள் கூவினாள்: "ஏப்பா சுருளி, இன்னைக்குத்தான்யா தண்ணி வாய்க்கு வெளங்குது! என்னா ருசி!"

பாராட்டைக் கேட்டு ஒருவர் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். பாய்ந்து வால்வைத் திருப்பினார்.

"கொட்டுங்க! எல்லாத்தையும் கொட்டுங்க! இதுக்கு முந்தி யாரு பிடிச்சது?"

"நம்ம ஞானசெல்வி ஒரு குடம் கொண்டுபோனா."

ஜவுளிக்கடை ஆதித்தனின் மருமகள். இருபது நாள் பிள்ளைக்காரி, அவளுக்கும் புட்டிப்பால்தான். செருப்புகூடப் போடாமல் சுருளியாண்டி ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

அவள் வீட்டுக்குள் பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"குடுத்துட்டியா தாயி?"

"இல்லண்ணே. நாக்குல வச்சுப் பாத்தேன், ருசியா இருந்துச்சு. ருசியா இருந்தா பிள்ளைக்குக் குடுக்காதேன்னு நீங்கதான சொன்னீக? கொட்டிட்டேன். பசியில கத்துறான்."

சுருளியாண்டி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எம் பொண்டாட்டிக்கு இதச் சொல்ல ஆளில்லாமப் போச்சே ஆத்தா" என்று வாய்விட்டு அழுதார்.

கவிழ்ந்து கிடந்த குடத்தை எடுத்துக்கொண்டு, சப்பென்ற தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்கு நடந்தேன்.