ஐஸ் அக்காவும் நாலு பை பிளாஸ்மாவும்

உறைந்த பிளாஸ்மாப் பையைக் கையில் எடுத்ததும், பிறந்த குழந்தையின் விரல்களை எண்ணுகிறவர்போல அதன் நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் வருடிப் பார்ப்பார் ஐஸ் அக்கா. உறைந்த பை கண்ணாடி மாதிரி. லேசாக மோதினாலும் விரிசல் விடும். இரத்த வங்கிக்கு அவர் வேலைக்கு வந்தது கல்யாணத்துக்கும் முன்னால். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

அன்று மதியம் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போன். பிரசவமான பெண்ணுக்கு உதிரம் நிற்கவில்லை. உறைய வைக்கும் சத்தெல்லாம் ஒழுகிப்போய், இரத்தம் தண்ணீராக ஓடுகிறது. அந்தச் சத்துள்ள பிளாஸ்மா நாலு பை ஏற்றினால்தான் பிழைப்பாள்.

குளிர்பெட்டியில் இரண்டு பைகள் ஒட்டி உறைந்திருந்தன. அவசரத்தில் மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டிப் பிரித்தார். மூலையை வருடவில்லை. நான்கையும் உறையிலிட்டு வெதுவெதுப்பான தொட்டியில் இறக்கினார். கொஞ்ச நேரத்தில் ஓர் உறைக்குள் மஞ்சளாகக் கசிந்தது.

"போச்சு! என் அவசரப் புத்தி!" அந்தப் பையை ஒதுக்கிவிட்டு வேறொன்றை இறக்கினார்.

வாங்கிப்போக வந்த வார்டு ஊழியன், எல்லோரும் 'எக்ஸ்பிரஸ்' என்று கூப்பிடுகிறவன், வாசலில் தவித்தான். "தண்ணிச் சூட்டைக் கொஞ்சம் ஏத்துங்கக்கா."

"ஏத்தினா வெந்துடும்டா. அப்புறம் குழாத் தண்ணியை ஏத்துறதும் அதை ஏத்துறதும் ஒண்ணுதான். இந்தா, உருகின மூணையும் கொண்டு ஓடு. நாலாவதுக்குத் திரும்பி வா."

மறுபடி போன். நர்ஸ் பொரிந்தாள்: "பிளாஸ்மா கேட்டா பனிமலை ஏறப் போயிட்டீங்களா?"

"பெரிய டாக்டர்கிட்ட குடும்மா, நானே சொல்றேன்."

"அவங்க போன்ல வர மாட்டாங்க!"

அக்காவுக்குச் சுருக்கென்றது. அவ்வளவு பெரிய ஆளா?

நாலாவது பையையும் எக்ஸ்பிரஸ் வாங்கிக்கொண்டு ஓடினான். அதன்பிறகு போன் அடிக்கவில்லை. வெகுநேரம் கழித்து எக்ஸ்பிரஸ் வந்தான், நடந்து. அவன் நடந்து யாரும் பார்த்ததில்லை. அக்கா நாற்காலியை விட்டு எழுந்தார்.

"என்னடா?"

"ஓடக் கால்ல தெம்பில்லக்கா. இரத்தம் உறைஞ்சிடுச்சு! கட்டி கட்டியா உறையுது! பொண்ணு கண்ணு முழிச்சு, குழந்தை எங்கேன்னு கேக்குது. நர்ஸம்மா விசிலே அடிச்சுட்டாங்க!"

"பின்னே? யாரு உருக்கினது!" அக்கா அவன் முதுகில் வைத்த அடியில் அடுத்த அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்று அந்த வராந்தா முழுக்க அக்காவின் சிரிப்புதான்.

டாக்டர் ஏன் போனுக்கு வரவில்லை என்பது மறுநாள் நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது. நாலாவது பை ஏறி முடியும்வரை, உதிரம் போகாமலிருக்க அந்தப் பெண்ணின் கருப்பையை இரண்டு கைகளுக்கும் நடுவே அழுத்திப் பிடித்தபடியே நின்றிருந்தாராம்.