பஞ்சர் ஆகாத சக்கரம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு மனிதர் எங்கள் காரை அம்மாவோடு சேர்த்துத் தூக்கியதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு கப்பல் பார்த்துவிட்டேன், பனிமலை பார்த்துவிட்டேன். எதைப் பார்த்தும் அன்று நின்றதுபோல வாயைப் பிளந்துகொண்டு நின்றதில்லை.

அந்த மனிதர் அனகாபுத்தூரில் பஞ்சர் கடை வைத்திருந்தார். அவர் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன், எனக்குத் தாய்மாமா. அன்றைக்கு அந்த இடத்தில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும், என்னைத் தவிர. அடையாற்றில் வெள்ளம் ஏறிய வருஷம் அவர் மனைவி பிள்ளைகளோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான் எனக்குச் சொன்னார்கள். அப்போது எனக்குப் பதினைந்து வயது.

அம்மா அப்பாவைச் சர்ச்சில் கல்யாணம் செய்துகொண்டவள். அவள் பிறந்த வீட்டில் அது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். “இனிமே எனக்குத் தங்கச்சியே கெடையாது” என்று மாமா தெருவே கேட்கும்படி சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை மாற்றாதவர் என்று அவருக்குப் பெயர். அம்மாவும் அதே வீட்டுப் பெண்தானே. “எனக்கும் அண்ணன் கிடையாது” என்று ஆள்விட்டுச் சொல்லி அனுப்பிவிட்டாள். எங்கள் அஸ்தினாபுரத்துக்கும் அனகாபுத்தூருக்கும் நடுவில் ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. பத்து வருஷமாக இரண்டு பக்கத்திலிருந்தும் ஒருவரும் அதைக் கடக்கவில்லை.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருஷம் குரோம்பேட்டை மார்க்கெட்டில் அம்மாவின் பள்ளித் தோழி ஒருத்தி எதிரே வந்தாள். லாரி டயருக்குக் காற்று அடிக்கும்போது டயர் வெடித்து மாமாவின் இடது கை சிதைந்துபோனது, பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார், இப்போதுதான் மறுபடி கடையைத் திறந்திருக்கிறார் என்று சொன்னாள். இதுவும் பின்னால் எனக்குத் தெரிய வந்ததுதான். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அடுத்த சில நாட்கள் அம்மா தலை பின்னிவிடும்போது இழுத்த இழுப்பில் என் கண்ணில் தண்ணீர் வந்தது மட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும், குன்றத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறோம் என்றார்கள். எனக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டார்கள். யாருக்குக் கல்யாணம் என்று கேட்டேன்.

“ஆபீஸ்ல ஒருத்தருக்கு” என்றார் அப்பா.

“என் ஃப்ரெண்டோட தங்கச்சிக்கு” என்றாள் அம்மா, அதே நேரத்தில்.

அந்த இரண்டு பேரும்தான் கல்யாணம் செய்துகொள்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு காரில் ஏறினேன்.

கார் வாங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. எங்களுக்குமுன் இரண்டு பேரிடம் ஓடிய வெள்ளைக் கார். பல்லாவரம் தாண்டி, பம்மல் தாண்டி, அனகாபுத்தூருக்குள் நுழைந்ததும் அப்பா வேகத்தைக் குறைத்தார். ஜன்னல் வழியே தறிச் சத்தம் கேட்டது. ஒரு வளைவுக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கினார். பின்பக்க இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வெகுநேரம் வந்தது. பிறகு எழுந்து கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டே வந்து, “பஞ்சர்” என்றார்.

“அடடா” என்றாள் அம்மா. ஞாயிறு பள்ளி நாடகத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதைவிட நன்றாகச் சொல்வார்கள்.

காற்று இறங்கிய சக்கரத்தோடு கார் தடதடவென்று வளைவைத் தாண்டியது. தாண்டியதும் பஞ்சர் கடை. எங்கள் அதிர்ஷ்டத்தை நினைத்து நான் கை தட்டினேன்.

தகரக் கூரை, அடுக்கி வைத்த பழைய டயர்கள், பாதியாக வெட்டிய டிரம்மில் கறுத்த தண்ணீர், மூலையில் காற்றடிக்கும் மிஷின். ஒல்லியான ஒரு மனிதர் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏதோ பைக் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுத் திரும்பினார். அப்பாவைப் பார்த்தார். காரின் முன் இருக்கையைப் பார்த்தார். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆனது.

“பின் சக்கரம் பஞ்சர். கொஞ்சம் பார்க்கணும்” என்றார் அப்பா.

“ஸ்டெப்னி கீதா சார்?”

“இருக்கு. ஆனா அதுலயும் காத்து இல்ல.”

மாமா டிக்கியைத் திறந்து, உள்ளே இருந்த உபரிச் சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அருகில் நின்ற நானும் அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. மாமா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு டிக்கியை மெதுவாக மூடினார்.

“ஆமா சார். காத்து இல்ல” என்றார்.

எனக்குத் தெரியாத ஏதோ ஒரு காற்று அதில் இல்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

“வண்டில கீறவங்கள எறங்க சொல்லுங்க சார். ஜாக்கி போடணும்.”

அப்பா ஜன்னலருகே குனிந்தார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். “அவங்க இறங்கலையாம்” என்றார் அப்பா, தவறு தன்னுடையது போல.

மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய் இரண்டு கருங்கல் எடுத்துவந்து முன் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தார். அசைத்துப் பார்த்துவிட்டு இன்னொரு கல்லும் வைத்தார். “சரி, குந்தினு இருக்கட்டும். ஆடாம இருக்க சொல்லுங்க” என்றார்.

இடது கையை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு, வலது கையால் ஜாக்கியின் கம்பியை அழுத்த ஆரம்பித்தார். கார் முனகியது. பிறகு, யாரோ தூக்கத்தில் புரள்வதுபோல, ஒரு பக்கமாக எழும்பியது. அதோடு அம்மாவும் எழும்பினாள். அவள் காதுத் தொங்கட்டான் ஒருமுறை ஆடி நின்றது. என் அம்மா, இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைத் தனியாக இழுத்துவரும் அம்மா, அந்த ஒல்லி மனிதரின் ஒற்றைக் கையில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போய்க்கொண்டிருந்தாள். நான் பின்னால் நகர்ந்து டயர் அடுக்கின்மேல் போய் விழுந்தேன்.

அவர் இடது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும்தான் அசைந்தன. மற்றவை மடங்கியபடியே இருந்தன. நட்டுகளை அந்த இரண்டு விரலால் எடுத்து வரிசையாக வைத்தார். டயரை முழங்காலால் அமுக்கி, இரும்புப் பட்டையை வாகாக நுழைத்து, ஒரே நெம்பில் டியூபை உருவினார். பஞ்சர் போடுகிறவர்களுக்கெல்லாம் கை அப்படித்தான் இருக்கும், அந்தத் தொழிலைப் படித்து முடித்தால் அப்படிக் கை கிடைக்கும் என்று முடிவு செய்தேன். என் மூன்று விரல்களையும் மடக்கிப் பழகிப் பார்த்தேன்.

காற்றடித்த டியூபைத் தண்ணீரில் அமுக்கித் திருப்பினார். ஓட்டை இருந்தால் குமிழி வரும் என்று சொல்லியிருந்தார். நான் டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்தேன். ஒரு சுற்று முடிந்தது.

“குமிழியே வரலையே” என்றேன்.

“வரும் பாப்பா. பாத்துகினே இரு.” மறுபடி முதலிலிருந்து திருப்ப ஆரம்பித்தார். “இன்னா படிக்கிற?”

“நாலாவது.”

“கணக்கு வருதா?”

“வரும்.”

“பரவால்லியே. உங்க அம்மாவுக்கு வராதே.”

நான் நிமிர்ந்தேன். அம்மாவுக்குக் கணக்கு வராது என்பது எங்கள் வீட்டுக்குள் மட்டும் இருந்த விஷயம். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

மாமா கொஞ்சம் தடுமாறினார். பிறகு பக்கத்தில் கிடந்த எங்கள் டயரைத் தட்டிக் காட்டினார். “இதுல எழுதிகீது பாப்பா. ஓடின டயர படிக்கத் தெரிஞ்சா எல்லாம் தெரியும்.”

“வேற என்ன எழுதியிருக்கு?”

அவர் டயரைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “பஸ்ல போனா ஜன்னலோரம் குந்தணும். இல்லாங்காட்டி வாந்திதான்.”

எனக்குக் கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. போன மாதம்தான் தாம்பரம் பஸ்ஸில் அம்மாவுக்கு அப்படி ஆகியிருந்தது.

“இடி இடிச்சா கட்டிலுக்கு அடில பூந்துக்கும்.”

“இப்ப இல்ல. இப்ப என்னைக் கட்டிப் பிடிச்சுக்கும்.”

டியூப் தண்ணீருக்குள் நின்றது. “தூங்கறப்போ வெளக்கு எரியணுமா இன்னும்?”

“ஆமா. ஏன், அது எழுதலையா?”

“அந்த எடம் தேஞ்சு போய்கீது” என்றார். “அதான் கேட்டேன்.”

கார்க் கண்ணாடி நான்கு விரல் அளவுக்குக் கீழே இறங்கியதை அப்போது பார்த்தேன். அம்மா இந்தப் பக்கம் திரும்பவில்லை. இடைவெளி வழியாக அவள் குரல் மட்டும் வந்தது.

“வெயில்ல உக்காந்திருக்காங்க. நிழலுக்குப் போகச் சொல்லுங்க” என்றாள் அப்பாவிடம்.

அப்பா மாமாவிடம் திரும்பி, “நிழலுக்குப் போகச் சொல்றாங்க” என்றார்.

“பழக்கந்தான்னு சொல்லுங்க சார்.”

“பழக்கம்தானாம்.”

இருவருக்கும் நடுவில் ஏழெட்டு அடிகூட இருக்காது. இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். அப்பா அந்த ஏழெட்டு அடிக்குள் இரண்டு வார்த்தை அங்கும் இரண்டு வார்த்தை இங்கும் சுமந்துகொண்டு, வியர்த்துப்போய் நின்றார். கண்ணாடி இன்னும் ஒரு விரல் இறங்கியது.

“கை வலிக்குதான்னு கேளுங்க.”

அப்பா இந்தமுறை திரும்பச் சொல்லவில்லை. மாமா டியூபை எடுத்து மடியில் வைத்து, துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். காய்ந்த பிறகும் துடைத்தார்.

“குளிருக்கு மட்டும் வலிக்கிதுனு சொல்லுங்க சார்” என்றார்.

கடைசிவரை குமிழி வரவேயில்லை. ஆனாலும் மாமா டியூபில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதிக் காயவைத்து, வட்டமாக வெட்டிய ரப்பர் ஒட்டு ஒன்றை அழகாக ஒட்டினார். ஓட்டை எங்கே இருந்தது என்று கேட்டேன். “இது கண்ணுக்குத் தெரியாத ஓட்டை பாப்பா” என்றார். தெரியாத ஓட்டையைக்கூட அடைக்கத் தெரிந்த மனிதர் என்று என் பிரமிப்பு இன்னும் ஏறியது.

சக்கரத்தை மாட்டி நட்டுகளை முடுக்கினார். மற்ற மூன்று சக்கரங்களுக்கும் கேட்காமலே காற்றுப் பார்த்தார். காரைக் கீழே இறக்கும்போது, தூங்கும் குழந்தையைப் பாயில் கிடத்துவதுபோல, ஜாக்கியை நூல் நூலாகத் தளர்த்தினார். சக்கரம் தரையைத் தொட்டபோது சத்தமே இல்லை.

“டயருங்க தேஞ்சிகீது சார்” என்றார் அப்பாவிடம். “மாசம் ஒரு தபா கொண்ணாந்து காட்டிட்டுப் போங்க.”

“கண்டிப்பா” என்றார் அப்பா. அதன்படியே, அதற்குப் பிறகு பல வருஷம் எங்கள் கார் மாதம் தவறாமல் அனகாபுத்தூரில் மட்டும் பஞ்சர் ஆனது. ஆனால் அப்பா தனியாகத்தான் போய்வருவார். அண்ணனும் தங்கையும் சொன்ன சொல்லை மாற்றவில்லை. ஆற்றுத் தண்ணீர் வந்துதான் அதை மாற்றியது.

அன்று அப்பா வண்டியைத் திருப்பி வந்த வழியே ஓட்டினார். கல்யாணம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். “இந்நேரம் முடிஞ்சிருக்கும்” என்றார். குரோம்பேட்டையில் ஒரு ஓட்டலில் சாப்பிட்டோம். பட்டுப்பாவாடையில் சாம்பார் சிந்தியதற்கு அம்மா திட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். “அந்தப் பஞ்சர் கடைக்காரர் என்னல்லாம் பண்ணார், சொல்லு” என்றாள். கூடவே இருந்தவள் என்னிடம் கேட்கிறாளே என்று விசித்திரமாக இருந்தது. ஆனால் எனக்கும் யாரிடமாவது சொல்லித் தீர்க்க வேண்டியிருந்தது. ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அம்மா அடிக்கடி நிறுத்தினாள். தலை நரைத்திருந்ததா? உட்கார்ந்து எழும்போது எதையாவது பிடித்துக்கொண்டாரா? சட்டை கசங்கலா, தேய்த்ததா? பஞ்சர் ஒட்டுவதில் அம்மாவுக்கு இவ்வளவு ஆர்வம் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

“இடது கை எப்படி வேலை செஞ்சுது?”

மூன்று விரலை மடக்கி, இரண்டு விரலால் மேடையிலிருந்த உப்பு டப்பாவைத் தூக்கிக் காட்டினேன். காரிலேயே பழகியிருந்ததால் நன்றாகவே வந்தது. அம்மா என் கையைப் பிடித்து, மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். “இன்னொரு வாட்டி செய்” என்றாள். செய்தேன்.

“ஒரே கையால காரைத் தூக்கிட்டாரும்மா. நீ உள்ள இருக்கும்போதே.”

அம்மா உப்பு டப்பாவை எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். பிறகு, “கனமா இருந்துச்சுன்னு சொன்னாரா?” என்று கேட்டாள்.

“இல்லவே இல்ல.”

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. உடம்பு பெருத்துவிட்டதே என்று அம்மாவுக்குக் கவலை வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, “நீ ஒல்லிதாம்மா” என்று ஆறுதல் சொன்னேன்.