திங்கள், புதன், வெள்ளியில் மட்டும் அடம்பிடித்த கார்

வேலாயுதம் அண்ணனின் கார் பூச்சோங்கில் உள்ள என் பட்டறைக்கு நான்காவது முறையாக வந்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. இருபத்தாறு வருடத்துக் கார். சாலாக் செலாத்தானில் இருந்து வந்து சேர்வதற்குள் இன்ஜின் நன்றாகச் சூடேறிவிடும். என் முன்னால் நல்ல பிள்ளையாக ஓடும். பிளக்கை மாற்றியாயிற்று, காயிலை மாற்றியாயிற்று, சூட்டை அளக்கும் சென்சாரையும் மாற்றியாயிற்று.

"காலையில ஸ்டார்ட் பண்ணா மூணு சிலிண்டர்லதான் ஓடுது, சிவநேசா. சிக்னலுக்குச் சிக்னல் நின்னுடுது. கால் மணி நேரம் கழிச்சுத் தானா சரியாயிடுது."

"தினமுமா அண்ணே?"

"திங்கள், புதன், வெள்ளி மட்டும்தான் லா. மத்த நாள் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போறப்ப ஒண்ணும் இல்ல."

காருக்குக் கிழமை தெரியுமா என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்த மூன்று நாளும் அவர் மனைவி சந்திரகலா அக்காவுக்கு டயாலிசிஸ்.

முப்பத்தெட்டு வருடம் கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டியவர் வேலாயுதம் அண்ணன். ஓய்வு பெற்ற பிறகுதான் அவருக்கு வேலையே கூடிப்போனது. சமைப்பது, துவைப்பது, அக்காவைத் தூக்கி உட்கார வைப்பது எல்லாம் அவர்தான். பட்டறையில் நாற்காலியைக் கொடுத்தால் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவார். எழுப்ப எனக்கு மனசு வராது.

காலை ஆறு மணிக்கு அக்கா டயாலிசிஸ் நிலையத்துப் படுக்கையில் இருக்க வேண்டும். இரண்டு தடவை தாமதமானதில் சிகிச்சை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். அடுத்த நோயாளி காத்திருக்கும்போது வேறு வழியில்லை. அக்காவுக்குக் கால் வீங்கி மூச்சு முட்டியது. இருவருமே அந்த இரவுகளை உட்கார்ந்தபடி கழித்தார்கள். இன்னொரு முறை தாமதமானால் காலை நேரம் வேறு ஒருவருக்குப் போய்விடும் என்று நிலையத்தில் சொல்லிவிட்டார்களாம். ஒரு தடவை வாடகைக் காரில் போய்ப் பார்த்தார்கள். திரும்பும் வழியில் அக்கா வாந்தி எடுத்துவிட்டார். அதோடு அந்தக் கார்க்காரர் இனி அந்தப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை காரைப் பட்டறையிலேயே போட்டு வைத்தேன். ஞாயிறு காலை, நன்றாக ஆறிப்போன இன்ஜின், ஒரே திருப்பில் பிடித்துச் சீராக ஓடியது. எனக்கு அலுத்துப்போனது. வெள்ளிக்கிழமை விடியலில் நானே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அறுபது வயதில், முட்டி வலியோடு, நாலு மணிக்கு எழுந்திருப்பதை என்னவென்று சொல்வது!

அடுக்குமாடியின் கீழே காரின் பானட் திறந்து கிடந்தது. லோரிக்காரரின் பழக்கம், எண்ணெயும் தண்ணீரும் பார்க்காமல் வண்டியை எடுக்கமாட்டார். பார்த்துவிட்டு, அக்காவின் பையை எடுக்க மேலே போயிருந்தார்.

அக்கா மட்டும் காரின் முன்னால் நின்றிருந்தார். உள்ளங்கையில் மஞ்சள் தூளைக் கொட்டி, சின்னப் போத்தலில் இருந்து தண்ணீர் விட்டுக் கரைத்தார். கண்ணை மூடி எதையோ முணுமுணுத்து, இன்ஜினின் நட்ட நடுவில், பிளக் வயர்கள் இறங்கும் குழிகளின் மேலேயே ஊற்றினார்.

"அக்கா!" என்று கத்திவிட்டேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். "ஆயுத பூஜைக்குத் தெளிச்சதுல இருந்து, டயாலிசிஸ் போற நாள் எல்லாம் தெளிக்கிறேன் தம்பி. வண்டி வேற இப்ப முடியாம இருக்கே, அதான் கொஞ்சம் கூடவே ஊத்துறேன்."

வயர்களின் ரப்பர் மூடிகள் விறைத்துப்போன பழசு. தண்ணீர் குழியில் தேங்கினால் பிளக்கில் பொறி ஒழுங்காக விழாது. சூடேறியதும் தண்ணீர் ஆவியாகிவிடும், மஞ்சள் பொடி மட்டும் மிஞ்சும். அதைத் துருவென்று நினைத்துத் துடைத்துப் போட்டவன் நான்தான்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் போத்தலில் பேனாவால் போட்டிருந்த கோடுகள் கண்ணில் பட்டன.

"இது என்னக்கா கோடு?"

"ஒரு நாளைக்குக் குடிக்க அரை லிட்டர்தான் எனக்கு. டாக்டர் கணக்கு. குழாய்த் தண்ணிய ஊத்துனா வேண்டுதல் ஆகுமா தம்பி? என் பங்குல மிச்சம் பிடிச்சு எடுத்து வெப்பேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று பிரிக்பீல்ட்ஸ் கடையில் வாங்கி வந்திருந்த புது ரப்பர் மூடிகளை எடுத்தேன். நாலு வயரையும் உருவி, குழிகளைத் துணியால் ஒற்றி எடுத்தேன்.

"அப்ப நான்தான் கெடுத்தேனா?" துணியில் ஏறிய மஞ்சளைப் பார்த்து அக்கா கேட்டார்.

"இல்லக்கா, ரப்பர் பழசு. இனிமே பானட் மேல ஒரு பொட்டு வைங்க, போதும். அந்தத் தண்ணிய நீங்க குடிங்க."

வேலாயுதம் அண்ணன் பையோடு இறங்கி வந்தார். அக்கா என்னைப் பார்த்தார். "ரப்பர்தான் அண்ணே, மாத்திட்டேன்" என்றேன். அண்ணன் சாவியைத் திருப்பினார். நாலு சிலிண்டரும் பிடித்தது. அவர் சிரிக்கவில்லை, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

பக்கத்து இருக்கையில் அக்கா போத்தலில் மிச்சமிருந்ததை ஒரு வாய் ஊற்றிக்கொண்டார். உடனே விழுங்கவில்லை. கார் முனை திரும்பும்வரை அவர் கன்னம் உப்பியே இருந்தது.