செவலையின் கயிறு

பக்கத்து வளவு றஸீனா ராத்தா நேற்றுத் தன் கன்றைக் காட்டக் கூப்பிட்டார். கண்ணோரத்தில் சாம்பல் பூத்த வட்டம், அதில் ஒரு மயிர்கூட இல்லை. "கண்ணூறு பட்டிரிக்கி போல" என்றார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றேன். படர்தாமரை. இந்த வயதில் ஒரு கன்றுக்குட்டிக்குப் பயப்படுகிறவள் இந்த மாம்புரி ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நான் எட்ட நின்று சொல்லச் சொல்ல, ராத்தா பொருக்கைச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி அயடின் பூசினார். அந்த நெடி மூக்கில் ஏறியதும் வாப்பாவின் கையில் இருந்த கயிறு ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறில் முஸ்லிம்களெல்லாம் வெளியேற வேண்டும் என்று அறிவித்ததும் மன்னாரை விட்டுப் புறப்பட்டபோது உம்மா குர்ஆனையும் எங்கள் உடுப்புகளையும் எடுத்தார். வாப்பா எங்கள் பசுவை, செவலையை, அவிழ்த்துவிடப் போனார். கட்டிக் கிடந்தால் பட்டினியில் செத்துவிடும், அவிழ்த்துவிட்டால் எங்கேயாவது மேய்ந்து பிழைத்துக்கொள்ளும். வள்ளத்தில் ஏறிய பிறகுதான் உம்மா கவனித்தார். மாட்டை விட்டுவிட்டு மனிதர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

கயிற்றில் செவலையின் கழுத்து மயிர் ஒட்டிக் கிடந்தது. வாப்பா அதைக் கழுவவிடவில்லை. மாம்புரிக்கு வந்து தென்னோலைக் கிடுகால் வேய்ந்த எங்கள் கொட்டிலின் கூரை வளையில் தொங்கவிட்டிருந்தார். அடுத்த வருஷம் ஒரு கன்று வாங்கினோம். புதுக் கயிறு வாங்கச் சொன்னார் உம்மா. "செவலைட கயிறு ராசியானது" என்று வாப்பா அதைத்தான் கட்டினார். வீடு வாசல் போன ஆளுக்கு ராசி பற்றிய கதையைப் பாருங்கள்!

கொஞ்ச நாளில் கன்றின் கழுத்தைச் சுற்றி, கயிறு படுகிற இடமெல்லாம் வட்டம் வட்டமாக வந்தது. எந்நேரமும் அந்தக் கழுத்தைக் கட்டிப்பிடித்துக் கிடந்த எனக்கும் முழங்கைக்குக் கீழே ஒன்று வந்தது.

மாட்டு டொக்டர் சிங்களவர், தமிழைத் தேடித் தேடிப் பேசுவார். கயிற்றைப் பார்த்து, இதை முன்பு கட்டியிருந்த மாட்டுக்கும் இப்படி இருந்ததா என்று கேட்டார்.

"ஓம், கழுத்தில கொஞ்சம் இருந்தது" என்றார் வாப்பா.

"அப்ப கயிறுல வந்தது. அயடின் மட்டும் பூசினா போதாது. கன்னுக்குட்டி வெயில்ல கட்டுங்க, கட்டைக்குச் சுண்ணாம்பு அடிங்க. கயிறு எரிக்கோணும்."

வாப்பா கட்டைக்குச் சுண்ணாம்பு அடித்தார். கன்றைப் புதுக் கயிற்றில் வெயிலுக்கு மாற்றினார். பழைய கயிறு மட்டும் திரும்பவும் வளையில் ஏறிக்கொண்டது. உம்மா என் கையைப் பிடித்து அவர் முன்னால் நீட்டினார்.

"மாடா, புள்ளயா? சொல்லுங்க."

வாப்பா கயிற்றை எடுத்துத் தன் கையாலேயே அடுப்பில் வைத்தார். மயிர் கருகும் நாற்றம் கொட்டில் முழுக்க நின்றது. அன்று எங்களில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

கன்று தேறியது. எனக்குக் களிம்பு பூசுவதை வாப்பா தன் வேலையாக்கிக்கொண்டார். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்ததும் என் சட்டைக் கையை உயர்த்திப் பார்ப்பார். எப்போது ஆறும் என்று பார்க்கிறார் என நினைத்தேன். ஒரு நாள் வட்டம் முழுதாக மறைந்திருந்தது. "வாப்பா, போயிட்டுது!" என்று துள்ளினேன். அவர் அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஓம் மகள். அதுவும் போயிட்டுது."

நேற்று வீட்டுக்கு வந்து கையை நன்றாகக் கழுவினேன். பிறகு முழங்கைக்குக் கீழே அந்த இடத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். செவலை இல்லை. கயிறு இல்லை. வாப்பா மௌத்தாகி வருஷங்களாகிவிட்டன. நோய்க்குப் போய் யாராவது ஏங்குவார்களா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தழும்பாவது இருந்திருக்கலாம்.